கீரைக் கட்டும் 24.6 மில்லிகிராமும்

பினாங்குத் தீவிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் குடியிருப்பும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறார். அவருக்கு நான்கு வயதில் ஒரு மகள். எடை 15 கிலோ. சந்தையில் வாங்கிய சாவிக் கீரைக் (கடுகு இனக் கீரை) கட்டு ஒன்றை, கழுவாமல் அப்படியே, தனியார் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து 64 பூச்சிமருந்துகளுக்குச் சோதித்திருக்கிறார். 63 மருந்துகளுக்கு எதிரே ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தது. குளோர்பைரிஃபாஸ் என்ற ஒன்று மட்டும் கிலோவுக்கு 0.12 மில்லிகிராம் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் வரம்பு 0.01 என்று அச்சிட்டிருந்தார்கள். பன்னிரண்டு மடங்கு.

அதற்குமுன் ஒரு வாரம் மகள் என்ன சாப்பிட்டாள் என்று நாட்குறிப்பும் எழுதி வைத்திருந்தார். கீரைக்கு மட்டும் பார்த்தால் திங்கள் முதல் ஞாயிறு வரை 0, 60, 0, 0, 90, 0, 30 கிராம். இரண்டையும் கணினியில் போட்டுப் பெருக்கியதில் “ஆண்டுக்கு 24.6 மில்லிகிராம் விஷம்” என்று விடை வந்தது. அன்றிலிருந்து வீட்டில் கீரையும் இல்லை, காயும் இல்லை. குழந்தைக்குச் சோறு, முட்டை, பிஸ்கட். “கண்டறியப்படவில்லை என்றால் பூஜ்யம், இதற்குப் போய் அழுகிறாயா” என்கிறார் கணவர். “நாங்கள் தோட்டத்தில் மருந்து பம்பையே முதுகில் சுமந்தவர்கள், எங்களுக்கு என்ன ஆயிற்று” என்கிறார் மாமியார். சகோதரியின் கேள்விகள் நான்கு: கணக்கு சரியா, குழந்தைக்குச் சிறுநீர்ச் சோதனை செய்யலாமா, 1,200 வெள்ளிக்கு விற்கும் ஓசோன் காய்கழுவும் இயந்திரம் வாங்கலாமா, கடைக்காரர் படத்தைக் குடியிருப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடலாமா.

அன்புச் சகோதரி,

உங்கள் பெருக்கலில் பிழை இல்லை. 63ஐ 0.01ஆல் பெருக்கி, 0.12ஐக் கூட்டினால் 0.75. அந்தக் கீரையை நாளுக்கு 90 கிராம் வீதம் 365 நாள் கொடுத்தால் 24.6 மில்லிகிராம் வரத்தான் செய்யும். எடுத்துக்கொண்ட எண்களில்தான் சிக்கல். ஒவ்வொரு இடத்திலும் இருப்பதிலேயே மோசமான எண்ணைப் பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள். மோசமானதை மோசமானதால் பெருக்கிக்கொண்டே போனால், எந்தக் குழந்தையும் எந்த ஆண்டும் சாப்பிடாத ஒரு தட்டுதான் மிஞ்சும். உங்கள் கணவர் செய்வதும் அதே தவறுதான், எதிர்த்திசையில். அதனால் இந்தப் பதிலை இருவரும் சேர்ந்து படிப்பது நல்லது.

இரண்டு 0.01கள்

அறிக்கையில் இருக்கும் வரம்பு, உச்ச எச்ச வரம்பு. விவசாயி லேபிளில் சொன்னபடி மருந்தடித்து, சொன்ன நாள்வரை காத்திருந்து அறுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று வயல்களில் சோதித்துப் பார்த்து வைக்கும் எண் அது. அதாவது, அடிப்பவருக்கான விதி. பட்டியலில் தனியாக எண் குறிப்பிடாத மருந்துக்கும் பயிருக்கும் பொதுவாக 0.01 என்று வைத்துவிடுவார்கள். நம் நாட்டில் மட்டுமல்ல, ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஜப்பானிலும் அதே எண்தான். அந்த அளவில் உடம்புக்குக் கேடு தொடங்குகிறது என்று யாரும் கண்டுபிடித்து வைத்ததல்ல. பெரும்பாலும் கருவிகளால் உறுதியாக அளக்க முடிகிற தாழ்ந்த அளவு என்பதால் வைத்தது. வரம்பு மீறியது என்றால் வயலில் ஏதோ முறைகேடு நடந்திருக்கிறது என்று பொருள். உங்கள் மகளுக்கு என்ன ஆகும் என்பதை அந்தக் கட்டம் சொல்லவில்லை.

உடம்புக்கான எண் வேறு. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு, விவசாய நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் கூட்டம் 1963 முதல் ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு அளவுகளை மதிப்பிட்டு வருகிறது. ஒன்று, வாழ்நாள் முழுக்க நாள்தோறும் ஏற்கத்தக்க அளவு. மற்றது, ஒரே நாளில் தாங்கத்தக்க அளவு. குளோர்பைரிஃபாஸுக்கு முதலாவது 0.01, இரண்டாவது 0.1 மில்லிகிராம். இங்கேதான் படித்தவர்களும் இடறுகிறார்கள். வரம்பும் 0.01, இதுவும் 0.01. ஆனால் முதல் 0.01 கீரையின் ஒரு கிலோவுக்கு, இரண்டாவது 0.01 குழந்தையின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு. உங்கள் மகள் 15 கிலோ. அப்படியானால் அவளுக்கு நாளொன்றுக்கு 0.15 மில்லிகிராம். அந்த அளவை எட்ட, அதே கட்டுக் கீரையை அவள் தினமும் ஒன்றேகால் கிலோ தின்ன வேண்டும். ஒரே நாள் அளவை எட்டப் பன்னிரண்டரைக் கிலோ.

நாட்குறிப்பின்படி வாரத்துக்கு 180 கிராம். நாளுக்குச் சராசரி சுமார் 26 கிராம். அதைக் கீரையிலிருந்த அளவால் பெருக்கி 15 கிலோவால் வகுத்தால், ஏற்கத்தக்க அளவில் 2 விழுக்காடு. அதிகம் சாப்பிட்ட வெள்ளிக்கிழமை, 90 கிராமுக்கு, ஒருநாள் அளவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

இத்துடன் நிறுத்திவிட்டு “கவலைப்படாதீர்கள்” என்று கையெழுத்துப் போடலாம். ஆனால் இந்த மருந்தின் விஷயத்தில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. 2019இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், குளோர்பைரிஃபாஸுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வகுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. மரபணுக்களைச் சேதப்படுத்தும் வாய்ப்பை மறுக்க முடியவில்லை, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்ற ஐயமும் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். 2020இல் ஒன்றியம் அனுமதியை விலக்கிக்கொண்டது. அளவுகோலே சர்ச்சைக்கு உள்ளாகியிருக்கும்போது 2 விழுக்காடு என்பதை ‘பூஜ்யம்’ என்று வாசிக்கக் கூடாது. அச்சப்பட வேண்டிய அளவல்ல, ஆனாலும் குறைக்க முடிந்தால் குறைக்க வேண்டியது. நான் நிற்கும் இடம் அது. மாமியாருக்கும் ஒரு வார்த்தை: பம்பு சுமந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தோட்டத்தில் அன்று அளந்து பார்த்தவர் யார் அம்மா? அளக்காததால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

63 முறை ‘கண்டறியப்படவில்லை’

சந்தையில் தொங்கும் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கறிவேப்பிலை இணுக்கைப் போட்டால் முள் அசையாது. அதற்காக இணுக்குக்கு எடையே இல்லை என்று சொல்ல முடியுமா? அதேபோல, முள் அசையாத ஒவ்வொரு தடவையும் தட்டில் ஓர் இணுக்கு கிடக்கிறது என்றும் சொல்ல முடியாது. பெரும்பாலும் தட்டு காலியாகத்தான் இருக்கும்.

ஆய்வுக்கூடக் கருவி 0.01க்குக் கீழே உறுதியாக அளக்காது. கணவர் எல்லாவற்றையும் பூஜ்யமாக வைத்தார்; அது கீழ் மதிப்பீடு. நீங்கள் எல்லாவற்றையும் 0.01ஆக வைத்தீர்கள்; அது மேல் மதிப்பீடு. இரண்டும் இந்தத் துறையில் நாள்தோறும் போடும் கணக்குகள்தான். ஒன்றை மட்டும் போட்டு அதுதான் உண்மை என்று சாதிப்பதுதான் தவறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் உணவுக் கண்காணிப்புத் திட்டம் 1995இல் ஒரு வழக்கத்தை வகுத்தது. அளக்க முடியாத மாதிரிகள் 60 விழுக்காட்டுக்குள் இருந்தால் அவற்றுக்குக் கருவி வரம்பில் பாதியை வைக்கலாம். அதற்கு மேல் போனால் கீழ், மேல் இரண்டையும் போட்டுக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி வந்தால், தரவு போதவில்லை என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

உங்கள் கணக்கில் அந்த இடைவெளியைப் பாருங்கள். கணவரின் கீழ் மதிப்பீடு 0.12, உங்கள் மேல் மதிப்பீடு 0.75. ஆறு மடங்குக்கு மேல். அந்த 0.63 முழுவதும் கீரையிலிருந்து வந்ததல்ல. கருவியின் பார்வைக் குறைவிலிருந்து வந்தது. 64க்குப் பதில் 300 மருந்துகளுக்குச் சோதிக்கும் கூடத்துக்கு அதே கட்டைக் கொடுத்திருந்தால், கீரை மாறாமலே உங்கள் ‘விஷம்’ நான்கு மடங்குக்கும் மேல் ஏறியிருக்கும். கணக்குப் போடும் நிபுணர்கள் இதனால்தான் முதலில் வேறொன்றைக் கேட்கிறார்கள்: இந்த மருந்தை இந்தப் பயிருக்கு யாராவது அடிப்பார்களா? அடிக்கவே மாட்டார்கள் என்றால் அந்த இடத்தில் உண்மையான பூஜ்யம். அடிப்பார்கள் என்றால், நூற்றுக்கணக்கான மாதிரிகளில் அளக்க முடிந்தவை எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்த்து, அளக்க முடியாத பகுதியில் அந்தப் பரவலின் கீழ்முனை எப்படி இறங்கும் என்று ஊகிப்பார்கள். ஒற்றைக் கட்டை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

அறுபத்து நான்கையும் ஒன்றாகக் கூட்டியதிலும் ஒரு பிசகு இருக்கிறது. ஒரு கிராம் உப்பையும் ஒரு கிராம் மிளகாய்த்தூளையும் கூட்டி இரண்டு கிராம் காரம் என்போமா? உடம்பில் ஒரே விதமாக வேலை செய்யும் மருந்துகளை மட்டும், ஒவ்வொன்றின் வீரியத்துக்கு ஏற்ப எடைபோட்டுக் கூட்ட வேண்டும். குளோர்பைரிஃபாஸ் நரம்பில் ஒரு நொதியைத் தடுக்கும் பாஸ்பரஸ் இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்து மருந்துகளைத் தங்களுக்குள் கூட்டலாம். பூஞ்சைமருந்தை அதில் சேர்க்கக் கூடாது.

ஒரு கட்டு, ஒரு வாரம்

இந்தப் பகுதியில் உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. உங்கள் தொழிற்சாலையில் ஒரு சில்லை மட்டும் எடுத்துச் சோதித்து, அது பழுது என்றவுடன் ஆண்டு முழுவதற்குமான உற்பத்தி பழுது என்று எழுதிக் கொடுப்பீர்களா? மேற்பார்வையாளர் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்திருப்பார். சோதித்த ஒரே கட்டு வரம்பை மீறியிருக்கிறது. 95 விழுக்காட்டு நம்பகத்தில் இதிலிருந்து எடுக்கக்கூடிய முடிவு: அந்தச் சந்தையில் மீறும் கட்டுகள் நூற்றுக்கு இரண்டரையிலிருந்து நூறு வரை எதுவாகவும் இருக்கலாம். இவ்வளவு அகலமான கதவு வழியாக லோரியே போகும். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். இருபது கட்டு சோதித்து ஒன்றிலும் எதுவும் இல்லை என்று வந்தாலும், நூற்றில் 15 கட்டு வரை மோசமாக இருக்கும் வாய்ப்பை அது தள்ளிவிடாது.

நீங்கள் கொடுத்தது கால் கிலோ கட்டு. பன்னாட்டு உணவுத்தர முறைப்படி இத்தகைய மாதிரி குறைந்தது ஒரு கிலோவாவது இருக்க வேண்டும். அளவீட்டிலும் பாதிக்குப் பாதி ஏற்ற இறக்கம் சகஜம். 0.12 என்பதை 0.06க்கும் 0.18க்கும் இடையில் என்று வாசியுங்கள். அப்படி வாசித்தாலும் வரம்பை மீறியிருக்கிறது. அதில் நீங்கள் சொன்னது சரி.

நாட்குறிப்பில் வெள்ளிக்கிழமையின் 90ஐ எடுத்து 365ஆல் பெருக்கினீர்கள். எந்த மனிதரும் தம் விருந்து நாளை ஆண்டு முழுக்கச் சாப்பிடுவதில்லை. ஒருநாள் உச்சம் வேறு, நெடுநாள் வழக்கம் வேறு. உச்சநாளை ஒருநாள் அளவோடும் சராசரியை வாழ்நாள் அளவோடும் ஒப்பிட வேண்டும். குறுக்கே மாற்றினால் இரண்டும் கெடும். சராசரிக்குள் உச்சத்தை ஒளித்துவைக்கும் தவறும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1990களில் பிரிட்டனில் கேரட்டுகளைக் கூழாக்கிச் சோதிப்பதற்குப் பதில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். சில கேரட்டுகளில் எதிர்பார்த்ததைவிட 25 மடங்கு வரை பாஸ்பரஸ் இன மருந்து இருந்தது. 1995இல் தலையை வெட்டித் தோல் சீவிச் சாப்பிடும்படி அரசாங்கமே அறிவுறுத்தியது. இன்றைக்கு ஒருநாள் கணக்கில், தனித்தனியாகச் சாப்பிடும் காய் கனிகளுக்குச் சராசரியை மூன்று மடங்காக்கிப் பார்க்கும் வழக்கம் இத்தகைய அனுபவங்களிலிருந்து வந்தது. கீரைக்கு இது பெரிதாகப் பொருந்தாது. ஒரு கைப்பிடியில் பல செடிகளின் இலை கலந்துவிடுகிறது.

அப்படியானால் முறையாக எப்படிக் கணிக்கிறார்கள்? இரண்டு கூடைகள். ஒன்றில் நூற்றுக்கணக்கான மாதிரிகளின் எச்ச அளவுகள், பூஜ்யங்கள் உட்பட. மற்றதில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஒரு நாளில் சாப்பிட்ட உணவும் அவர்கள் எடையும். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டு எடுத்துப் பெருக்க வேண்டும். இதை ஒரு லட்சம் முறை செய்ய வேண்டும். கணினிக்குச் சில நிமிட வேலை. மான்டே கார்லோ முறை என்று சூதாட்ட ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள். கடைசியில் கையில் இருப்பது ஒற்றை எண் அல்ல, ஒரு பரவல். ஆயிரம் பேரில் 999 பேர் எந்த அளவுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று அதில் பார்க்கலாம். 2020இல் ஐரோப்பியர்கள் நரம்பையும் தைராய்டையும் பாதிக்கும் மருந்துகளைக் கூட்டாகக் கணித்தபோது எடுத்துக்கொண்ட கோடு அந்த 999தான். நம் பெரியவர்களின் உணவுக் கூடைக்கு 2003இலும் 2014இலும் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வுகள் உண்டு. குழந்தைக்குப் பெரியவர் கூடையைப் பயன்படுத்தக் கூடாது. அதே 90 கிராம் கீரை 60 கிலோ அப்பாவுக்கும் 15 கிலோ மகளுக்கும் நான்கு மடங்கு வேறுபாடு.

சிறுநீர், இயந்திரம், கடைக்காரர்

சிறுநீர்ச் சோதனை வேண்டாம். இந்த மருந்து உடைந்து வெளியேறும் பொருள் சில நாட்களில் போய்விடும். ஒரு சோதனை அண்மை நாட்களின் சாப்பாட்டைத்தான் சொல்லும். போதாக்குறைக்கு, அந்த உடைந்த பொருள் காய்கறியிலேயே உருவாகியும் இருக்கும்; அது உடம்பில் எதுவும் செய்யாமல் அப்படியே வெளியேறி, எண்ணை மட்டும் பெரிதாக்கும். இரத்தத்தில் நொதியை அளப்பது மருந்தடிக்கும் தொழிலாளர்களுக்கானது. தலைமுடிச் சோதனை என்று யாராவது விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள்.

இயந்திரமும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, இலை இலையாகப் பிரித்து, விரலால் தேய்த்துக் கழுவுங்கள். இலையின் மேல் ஒட்டியதில் ஒரு பகுதி போகும், வேகவைக்கும்போது இன்னும் கொஞ்சம். செடிக்குள் ஊறிய மருந்தை எந்த இயந்திரமும் எடுக்காது. உப்பு, மஞ்சள் போட்டு ஊறவைப்பது உங்கள் விருப்பம். சோப்பு மட்டும் கூடாது. நீங்கள் கொடுத்தது கழுவாத பச்சைக் கீரை என்பதால், உங்கள் மகள் உண்மையில் சாப்பிட்டது 0.12ஐவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

கடைக்காரர் படத்தைப் புலனத்தில் போடாதீர்கள். அவர் விடியற்காலை மொத்தச் சந்தையில் வாங்கி வந்து விற்கிறார். எந்தப் பண்ணை என்று அவருக்கே தெரியாது. ஒரு கட்டின் அறிக்கையை வைத்துக்கொண்டு ஒருவர் பிழைப்பைக் கெடுத்தால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பலாம். நான் வழக்கறிஞன் அல்ல, ஆனாலும் இவ்வளவு தெரியும்: உணவுச் சட்டம் 1983இன் கீழ் நடவடிக்கை வேண்டுமென்றால் அதிகாரி தாமே மாதிரி எடுக்க வேண்டும். உங்கள் அறிக்கை சாட்சியாகாது, ஆனால் நல்ல புகாராகும். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் அறிக்கை நகல், வாங்கிய நாள், கடை எண் ஆகியவற்றுடன் எழுத்தில் கொடுங்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்கும் ஒரு நகல் அனுப்பலாம். பூச்சிமருந்து விவகாரத்தில் அவர்களுக்குப் பல்லாண்டு அனுபவம் இருக்கிறது. அந்த மருந்து அந்தக் கீரைக்கு எப்படி வந்தது என்பது அதிகாரிகள் பதில் தேட வேண்டிய கேள்வி.

குழந்தைக்குக் காயையும் கீரையையும் இன்றே திரும்பக் கொடுங்கள். பிஸ்கட்டில் வளரும் குழந்தைக்கு வரும் கேடு ஊகம் அல்ல. ஒரே கடையில் ஒரே கீரையை வாங்காமல் சாவி ஒரு நாள், தண்டுக்கீரை ஒரு நாள், பயற்றங்காய், பூசணி என்று மாற்றுங்கள், கடையையும் மாற்றுங்கள். ஒரு மோசமான வயல் உங்கள் தட்டில் தொடர்ந்து வந்து விழுவதை அது தடுக்கும். பரவலின் மோசமான மேல்முனையிலிருந்து குழந்தையை விலக்க வீட்டில் செய்யக்கூடிய வழி அதுதான்.

இன்னொன்று. நாட்குறிப்பில் நான்கு நாட்களுக்கு 0 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் நீங்கள் பகல் ஷிப்டில் இருந்ததாகக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. மதியச் சோறு ஊட்டியது மாமியார். அவர் பருப்போடு கீரையைக் கடைந்து ஊட்டினாரா என்று, தயவுசெய்து சண்டைக்கு அல்லாமல், கேட்டுப் பாருங்கள். நாளுக்கு 40 கிராம் வைத்தாலும் வாரத்துக்கு 340 கிராம் ஆகிறது. நான் மேலே சொன்ன 2 விழுக்காடு அப்போது 4 ஆகும். அந்த நான்கு பூஜ்யங்களை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.